நிற்காமல் வாசி

"எம் பொண்ணு கைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க, அத மட்டும் சொல்லுங்க சார்" என்று மாடிப்படியில் நின்று ஜெயலட்சுமி போட்ட சத்தம் கீழே பேக்கரி வரைக்கும் கேட்டது. ராஜதுரை சாரும் சளைக்கவில்லை. வீட்டில் பழகாமல் விட்டுவிட்டு வாத்தியாரைக் குறை சொல்லக் கூடாது என்றார். நாள் முழுக்க போனைப் பார்க்கிற பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும் என்றார். அரியலூரில் கீபோர்டு கிரேடு பரீட்சைக்கு ஆள் தயார் செய்வதில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவர் குரலுக்கு எப்போதும் ஒரு படி உயரம் கொடுத்திருந்தது.

ஜெயலட்சுமி விடுகிற ஆளா? போன மாதம் வரை மளமளவென்று வாசித்த பிள்ளை, இப்போது எந்தத் தாளை வைத்தாலும் நாலாவது சுரத்தில் நின்றுவிடுகிறது, மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இவள் மட்டுமல்ல, சாரிடம் வருகிற அத்தனை பிள்ளைகளுக்கும் இதே கதிதான், அம்மாக்கள் எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிவிட்டோம் என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மூக்கால் ஒரு மூச்சு. கோபத்தில் சிவந்திருந்த சாரின் முகம் அந்த இடத்தில்தான் வெளுத்தது.

விஷயம் இதுதான். முன்பின் பார்த்திராத தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிற 'சைட் ரீடிங்' பயிற்சியைச் சார் புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டார். கம்ப்யூட்டரில் இசை எழுதுகிற சாஃப்ட்வேர் ஒன்றை வைத்துக்கொண்டு, வாராவாரம் தானே புதிதாக எழுதி அச்சடித்துக் கொடுப்பார். அதற்கு அவரிடம் ஒரே சட்டம்: தப்பினாலும் நிற்கக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது. டீ கிளாஸை விரலால் தட்டிக்கொண்டே இதை அவர் சொல்லிச் சொல்லி, கீழே பேக்கரி டீ மாஸ்டருக்கே மனப்பாடம்.

அந்தச் சட்டத்துக்கு அடங்காதவள் வேணி. உடையார்பாளையம் பக்கம் முந்திரி விவசாயம் செய்கிற கண்ணையனின் மகள், பஸ்ஸில் வந்து கற்றுக்கொண்டவள். நாலு சுரம் வாசிப்பாள், நிற்பாள், மூக்கால் மூச்சை இழுப்பாள், முதலிலிருந்து தொடங்குவாள். ஒரு நாள் சார் கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து, அவளுக்குத் தெரியாமல் பதிவை ஓட விட்டார். அவள் திக்கியது, நின்றது, திரும்பியது எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தது. அவள் நின்ற இடமெல்லாம் அழகான மௌனக் குறிகள். சார் அதை அச்சடித்து, மேலே 'வேணி' என்று தலைப்பும் போட்டு, அடுத்த வாரம் எல்லோருக்கும் பயிற்சியாகக் கொடுத்தார். சும்மா ஒரு தமாஷ் என்பது அவர் நினைப்பு. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அவளுடைய திக்கலை வாசித்தன. கொஞ்சமும் பிசகாமல் வாசித்தது சாரின் மகள் சண்முகப்பிரியா. அந்த மூச்சைக்கூடச் சேர்த்துக்கொண்டாள். அறையே சிரித்தது. சாரும்தான்.

வேணி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். சார் மாடியிலிருந்தபடியே, "இனிமேயாவது நிக்காம போய்ப் பழகு, புரியுதா?" என்றார்.

எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப். நடுவில் சிமென்ட் லாரிகள் ஓயாத ரோடு. டிரைவர் அழுதுகொண்டே சொன்னதை ஊரே கேட்டது: "ஹாரன் அடிச்சேங்க, பிரேக்கும் போட்டேங்க. நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அந்தப் பொண்ணு நிக்கவேயில்லிங்க."

காரியமெல்லாம் முடிந்தபிறகு கண்ணையன் ஒரு பை முந்திரிப்பருப்போடு சாரைப் பார்க்க வந்தார். மகளின் பையில் அந்தத் தாள் இருந்ததாம். "எம்மவ பேருலயே பாட்டு போட்டிருக்கீங்களே சார், எங்க வூட்டுல யாருக்கு இந்தக் குடுப்பினை" என்று கும்பிட்டார். ஒரு தடவை வாசித்துக் காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அது பாட்டில்லை, கேலி என்று அப்போதே சார் சொல்லியிருக்கலாம். கை வலிக்கிறது என்றார். முந்திரியை வாங்கி உள்ளே வைத்தார்.

இப்போது ஜெயலட்சுமி போனதும் சார் கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பொழுது சாய்கிற நேரம். ஜன்னல் கம்பியில் படிந்த சிமென்ட் தூசி மங்கிய சிவப்பாக மாறிக்கொண்டிருக்க, பேக்கரியில் கருகிய சர்க்கரை வாசனையும் டீசல் வாடையும் கலந்து மாடிக்கு ஏறி வர, ஒவ்வொரு லாரி போகும்போதும் மேஜையிலிருந்த டம்ளர் மெல்ல நடுங்கி அடங்க, அவர் சின்னக் குழந்தைகூட வாசிக்கிற மாதிரி ஒரு பயிற்சியை எழுதினார். எல்லாம் ஒரே அளவுச் சுரங்கள், நடுவில் ஒரு மௌனக் குறிகூட இல்லை. ஓட விட்டார். தாளத்துக்கு நாலு டிக் அடித்தது. திரையில் கோடு நகர்ந்தது.

நாலாவது சுரத்தில் நின்றது.

மூச்சு.

அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், கீபோர்டு முன் ஸ்டூலிலிருந்து வந்தது.

திரும்பினார். சண்முகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திருச்சியில் பரீட்சை. இந்தத் திக்கல் இன்னும் தொடாதது அவளை மட்டும்தான். சாருக்கு மிச்சமிருந்த தெம்பே அதுதான்.

"வைங்கப்பா, வாசிக்கிறேன்."

அச்சடித்து வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதைத் தாண்டினாள். சாருக்கு உயிர் வந்தது. வரி முடிந்தது. தாள் முடிந்தது.

அவள் முடிக்கவில்லை.

"போதும்மா."

விரல்கள் ஓடின. கண் தாளில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு எதிர்ப்புறம், நேராக.

கரண்ட் போனது. ஃபேன் ஓய்ந்தது. கீபோர்டின் ஓசை அறுந்தது. இருட்டில் கட்டைகள் மட்டும். டக். டக். டக். டக். கீழே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. டக். டக்.

"நிறுத்தும்மா."

"நிக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

குரல் மகளுடையது. அதற்கு முன்னால் இழுத்த மூச்சு அவளுடையதில்லை.

அதற்குப் பிறகு மற்ற பிள்ளைகளுக்குத் திக்கல் தானாகவே போய்விட்டது. ஆனாலும் ஜெயலட்சுமி மகளை அபாகஸில் சேர்த்துவிட்டாள். சாரின் மனைவி ஹேமலதா, அந்தப் பொண்ணு வேணியை என்ன சொன்னீங்க என்று பல தடவை கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமே சொல்லவில்லை என்றார் சார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு குரும்பலூரிலிருக்கும் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். சார் கீபோர்டை விற்றுவிட்டு, பெரம்பலூரில் லாரி நுழையாத சந்தாகப் பார்த்துக் குடிபோனார். மகளுக்கு நரம்புக் கோளாறு என்றார்கள் டாக்டர்கள், மாத்திரை கொடுத்தார்கள். சண்முகப்பிரியாவின் விரல்கள் சாப்பாட்டுத் தட்டிலும், தலையணையிலும், தூக்கத்திலும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. சில வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்தவர்களிடம், சங்கீதம் படித்த பிள்ளை, சதா தாளம் போடும் என்று சொல்லிச் சமாளித்தார்கள். அரும்பாவூர் மாப்பிள்ளை முத்தமிழ்செல்வனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

கல்யாணம் போன வைகாசியில், பெரம்பலூரில். கண்ணையனும் வந்திருந்தார். முன்வரிசையில், மடியில் முந்திரிப் பையோடு.

தாரை வார்க்கும்போது மகளின் கையைச் சார் பிடித்தார். ஹேமலதா ஊற்றிய தண்ணீருக்கு அடியில் அந்த விரல்கள் அவர் உள்ளங்கையில் ஓடின. நிற்கவில்லை. சாரின் வாய் திறந்தது. எதிரே கண்ணையன் சிரித்தபடி கும்பிட்டார். வாய் மூடிக்கொண்டது. சார் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

போட்டோக்காரர் கை காட்ட, மேளம் ஒரு நொடி நின்றது.

முத்தமிழ்செல்வன் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தான். அவன் விரல்களும் தொடங்கின.