கணவாயை…

இசோபே யோஷியே உள்ளே வந்தபோது அவள் சால்வையில் பனி இன்னும் உருகவில்லை. அடுப்பருகே உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே துப்பறிவாளர் உட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் காலை வேனில் கிளம்பிய அவள் கணவர் ஷுன்பே திரும்பவில்லை. கைபேசி ஓய்ந்து கிடக்கிறது. போலீசும் ஊர்க்காரர்களும் விடிந்ததிலிருந்து குருமி கணவாய்க்கு ஏறும் சாலையில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

ஏன் அந்தச் சாலையில் என்று உட்சுமி கேட்டார். வழியிலிருந்து ஷுன்பே வீட்டுக்குப் பேசியிருக்கிறார். எடுத்தவன் அவர் தம்பி தட்சுவோ. ஒரே இரைச்சல், பாதியில் அறுந்துவிட்டது.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"அரிசி கழுவிட்டிருந்தேன். லைன் சரியில்லன்னா திருப்பிக் கேப்போம்ல, அப்படித்தான் அவனும் 'என்னண்ணா, கணவாயையா?'ன்னு கத்தினான். போனை வெச்சதும் என்கிட்ட 'கணவாய்க்கு'ன்னான். நான் வேற ஒண்ணும் கேக்கல."

உட்சுமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொன்னபடியே இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். ஜப்பானியப் பேச்சில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி ஓர் ஒலி மட்டுமே. அவன் திருப்பிக் கேட்டது 'ஓ', நம்முடைய 'ஐ' போல. அவளிடம் சொன்னது 'எ', நம்முடைய 'கு' போல. வினைச்சொல்லை வாய்க்குள்ளேயே விட்டுவிடுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அந்தக் கடைசி ஒலியே மீதியைச் சொல்லிவிடும்.

"ஷுன்பே வாயிலேருந்து வந்தது 'கணவாயை'தான். காதுல விழுந்ததைத்தான் அப்படியே திருப்பிச் சொல்லிக் கேப்பாங்க" என்றார் உட்சுமி.

உதவியாளர் மிசுகிக்குப் பொறுக்கவில்லை. "'கணவாயை மூடிட்டாங்க'ன்னு சொல்ல வந்திருக்கலாமே?"

"மூடியிருந்தா ஆள் திரும்பி வந்திருப்பார்."

"'கணவாயைப் பாத்தேன்'னு?"

"நேத்து அடிச்ச பனியில சொந்தக் கையே தெரியாது. வண்டியில போறவர் கணவாயை என்ன செய்வார் மிசுகி? தாண்டுவார். ஏறுற பக்கத்துல அவர் இல்லன்னு போலீசே காலையிலேருந்து காட்டிட்டாங்க. அந்தப் பக்கம் தேடச் சொல்லு."

மிசுகி கணவாய்க்கு அப்பாலுள்ள ஒகுசவா காவல் நிலையத்தை அழைத்தாள். ஓர் ஒலிக்குள் ஒரு மலையின் மறுபக்கமே இருந்திருக்கிறது.

தேடும் கூட்டத்திலிருந்து தட்சுவோவை வரவழைத்தார்கள். கையுறை முழுதும் பனிக்கட்டி. மற்ற எல்லோரையும்விட அதிகம் தோண்டியவன் அவன்தான் என்றார் உடன் வந்த காவலர்.

"அவர் அங்க இல்லன்னு தெரிஞ்சேதான் தோண்டினீங்க" என்றார் உட்சுமி. "ஏன் மாத்திச் சொன்னீங்க?"

தட்சுவோ அண்ணியைப் பார்க்கவில்லை. அப்பா வைத்த தேவதாரு மரங்களை ஒகுசவா வியாபாரியிடம் ரகசியமாக விற்றுவிட்டதையும், அது அண்ணன் காதுக்கு எட்டிவிட்டதையும் மெல்லச் சொன்னான். "கணவாயைத் தாண்டுறார்னு சொன்னா, ஒகுசவாவுல என்ன வேலைன்னு அண்ணி கேட்டிருப்பாங்க. சாயங்காலம் வந்துடுவார்னு நெனச்சேன். வரலன்னு ஆனப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல. கையாவது வேலை செய்யட்டும்னு தோண்டினேன்."

தொலைபேசி அடித்தது. ஒகுசவா பக்கத்து இறக்கத்தில் சாலையை விட்டுச் சரிந்திருந்த வேன் அகப்பட்டது. உள்ளே ஷுன்பே உயிரோடு இருந்தார்.

மறுநாள் மருத்துவமனையில் யோஷியே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உட்சுமியும் மிசுகியும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தபடி ஷுன்பே கிடந்தார். பிறகு, "தம்பியை…" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மிசுகி உட்சுமியைப் பார்த்தாள்.

"இதை என்னால முடிக்க முடியாது" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எதை வேணா சேக்கலாம்."

யோஷியே சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"கூட்டிட்டு வரச் சொல்றார்" என்றாள்.