சந்தேகத்தின் பலன்

மாதம்மாவின் பட்டுப்புழு மனையில் ஒன்பது ஆண்டுகளாக ஊசி ஈத் தொல்லை இருந்ததில்லை. வாசலில் இனங்காணிக் கருவி இருந்தது. பறந்து வரும் எதையும் அது படம் பிடிக்கும். முதுகில் ஊசி ஈக்குரிய நான்கு கறுப்புக் கோடுகள் தெரிந்தால் ஒளிக்கதிரால் அங்கேயே பொசுக்கிவிடும். மற்றவற்றை விட்டுவிடும்.

அந்த ஆவணியில் பட்டுப்புழுக்களின் தோலில் கறுப்புத் தழும்புகள் தோன்றின. ஈ முட்டையிட்டு, பொரித்த ஈப்புழு உடலுக்குள் துளைத்துப் போன வழி அது.

தருமபுரியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். இனங்காணி குழம்பும் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவள் வேலை.

"மெஷின் கெட்டுப்போச்சா மேடம்?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

தழும்பு விழுந்த புழுக்களைக் குப்பியில் எடுத்துப்போனாள். இரண்டு வாரத்தில் ஈக்கள் வெளிவந்தன. ஒன்றின் முதுகிலும் கோடில்லை. அந்த வெறும் முதுகை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

பழைய படங்களை ஆண்டுவாரியாக அடுக்கினாள். முதலாண்டில் மை தீட்டியதுபோல் கோடுகள். பிறகு சாம்பல். பிறகு நிழல். மங்கிய கோட்டோடு பிறந்த ஈயின் படத்தை இனங்காணி அவளிடம் அனுப்பியது. அவள் 'சந்தேகம், விடு' என்று அழுத்தினாள். அப்பாவிப் பூச்சி ஒன்றும் சாகக் கூடாது என்பது விதி. அந்த விதி அவளுக்குப் பிடித்தும் இருந்தது. தப்பியவை பெருகின. தன் கண்ணுக்குப் பிடிபடாத ஓர் ஈயை இத்தனை காலம் அவளே பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறாள்.

மறைக்காமல் மாதம்மாவிடம் சொன்னாள்.

"அப்போ கோடில்லாததையும் சுடச் சொல்லுங்க."

"சுட்டா, அதே மாதிரி இருக்கற நல்ல ஈயெல்லாம் போயிடும். இது வேற வேஷத்துல வரும்க்கா."

"வேற வழி?"

ஜெசிந்தா தயங்கினாள். "காட்டோரம் கோடு போட்ட ஈ இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுங்க இதுங்களோட சேர்ந்தா, பொறக்கறதுக்குக் கோடு வரும். மெஷின் கண்டுபிடிச்சிடும். ஆனா அதுங்க பொழைக்க ஒரு இடம் வேணும். ஏதாவது ஒரு மனையில மெஷினை நிறுத்தி, புழுவையும் விட்டுவைக்கணும்."

"ஈக்குச் சோறு போடச் சொல்றீங்க."

"ஆமாக்கா."

"எத்தினி நாளைக்கு?"

"மெஷின் இருக்கற வரைக்கும்."

மாதம்மா மல்பெரித் தழையை உதறி வைத்தாள். "நான் வளர்த்த புழுவ நானே காட்டிக் குடுக்க முடியாது மேடம். வேற யாரயாச்சும் கேளுங்க."

பதினொரு ஊர்களில் கேட்டாள். யாரும் இசையவில்லை. கார்த்திகைக்குள் பாதி மனைகளில் ஈப்புழு துளைத்துப் பட்டுக்கூடுகள் ஓட்டையாயின. மாதம்மாவே போன் செய்தாள். "சின்ன மனைய எடுத்துக்கங்க."

ஜெசிந்தா வந்ததும் அந்த மனையின் இனங்காணியை மாதம்மாவே நிறுத்தினாள். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. இருவரும் கவலைப்பட்டார்கள். நான்காம் நாள் காலை, நான்கு கோடுகளும் பளிச்சென்று தெரிய ஓர் ஈ உள்ளே வந்து புழுத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது.

"வந்திடுச்சு!" ஜெசிந்தா மாதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதம்மாவும் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். ஈ இறங்கி வந்துகொண்டிருந்தது. புழுக்கள் தலை நிமிராமல் இலை தின்றுகொண்டிருந்தன.

"கொஞ்சம் வெளிய போலாம் மேடம்" என்றாள்.