தொண்டையில் ஒன்று

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "காலை உதைச்சு நீந்து!" என்று அவள் கத்தியபோது குரல் இரண்டாகப் பிரிந்து வந்தது. ஒன்று அவளுடையது. மற்றொன்று அதற்குக் கீழே, கொழகொழவென்று, சேற்றுக்குள்ளிருந்து காலைப் பிடுங்கியது போல.

நீச்சல்குளத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "மிஸ் ரெண்டு பேரா கத்துறாங்கடா!"

அவளும் சிரித்து வைத்தாள். நீச்சல் சொல்லிக்கொடுப்பவளுக்குத் தொண்டை கட்டுவது புதிதில்லை. மூடிய கூரைக்குக் கீழே, தண்ணீர் இரைச்சலுக்கு மேலே நாளெல்லாம் கத்த வேண்டும்; இழுக்கிற மூச்சிலெல்லாம் குளோரின் நெடி ஏறும். ஆனால் அன்றிலிருந்து தொண்டையில் எதுவோ ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. கனைத்தால் அசையும், விழுங்கினால் கொஞ்சம் இறங்கி, பிறகு தானாகவே ஏறி வந்து பழைய இடத்தில் உட்காரும். காலையில் வாயில், பூச்சாடியில் நாள்பட்டு நின்ற தண்ணீரின் சுவை. துப்பினால் கோழை நூல் நூலாக இழுபடும், நூலின் மறுமுனை தொண்டைக்குள்ளேயே இருக்கும், விரலில் சுற்றி அறுத்துவிட வேண்டியிருக்கும். அந்த விரலை எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் வழவழப்பு போகாது.

கடைசியில் தொண்டை டாக்டரிடம் போனாள். அந்த அம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கினார். திரையில் சிவந்த, ஈரமான பள்ளம் ஒன்று தெரிந்தது. அதற்குள் இரண்டு வெள்ளை மடிப்புகள், தோலுரித்த கோழிச் சதை போல.

"இதுதான் உங்க குரல் நாண். எங்க, 'ஈ' சொல்லுங்க."

சொன்னாள். மடிப்புகள் நெருங்கி நடுங்கின. நடுவே கோழை பாலம் போட்டது. ஒரு மடிப்பின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு புடைப்பு.

"பாத்தீங்களா, கத்திக் கத்தி வந்தது. வயித்து அமிலம் வேற மேல ஏறுது, அதான் இவ்வளவு சிவப்பு. கனைக்கிறதை விடுங்க, அது புண்ணைச் சொறியிற மாதிரி. ஒரு வாரம் வாயே திறக்காதீங்க. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அதுவும் கெடுதல்தான். தண்ணி நிறைய குடிங்க, ஆவி பிடிங்க. அப்புறம் குரல் பயிற்சி. அதுலயும் கரையலன்னா சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே அவர் பஞ்சு எடுக்கத் திரும்பினார். அவள் 'ஈ' சொல்வதை நிறுத்தி நேரமாகிவிட்டிருந்தது. திரையில் மடிப்புகள் இன்னும் அசைந்தன. நடுக்கமில்லை. மெதுவாகச் சேர்ந்தன, பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. பேசிப் பழகுகிற உதடுகள் போல.

அவள் டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பியபோது எல்லாம் அடங்கியிருந்தது.

வீட்டில் கணவனுக்குக் கொண்டாட்டம். "கல்யாணமாகி இப்பத்தான் இந்த வீட்ல என் பேச்சு எடுபடுது," என்றான். முதல் வகுப்புப் படிக்கும் மகள் சிட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தாள்.

இரண்டு நாள் போயிற்று. சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக்குள்ளிருந்து அவன் சத்தம் போட்டான்: "சரி சரி, தேனும் வாங்கிட்டு வர்றேன்!"

அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வாயையே திறக்கவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் கண்ணடித்தான். "பேசக் கூடாதுன்னு சொல்லியும் உன்னால முடியலல்ல? ஆனா குரல் நல்லாத் தெளிஞ்சிடுச்சு. டாக்டர்கிட்ட போட்டுக் குடுக்க மாட்டேன், போ."

அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பிவிட்டான்.

கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன. விரலுக்கடியில் தோல் அதிர்ந்துகொண்டிருந்தது.

வெந்நீரைப் பாத்திரத்தில் ஊற்றி மேஜைமேல் வைத்து, துண்டால் தலையை மூடிக் குனிந்தாள். இருட்டு, சூடு, முகமெங்கும் வியர்வை. முதலில் துண்டின் சோப்பு வாசனை, பிறகு அவள் மூச்சே நீராவியில் திரும்பி வந்து, ஈரத்துணிக்குள் அழுகிய இறைச்சியாக நாறியது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. தொண்டையில் இருந்தது வெதுவெதுப்பில் இளகியது. நகர்ந்தது. மேலே.

கனைக்கக் கூடாது. அவள் கனைக்கவில்லை. அதுவே வந்தது. அடிநாக்கைத் தொட்டது. நாக்கின்மேல் ஊர்ந்தது. உப்பு. வழவழப்பு. பல்லைக் கடித்தாள். பல்லிடுக்கில் பிதுங்கியது.

தண்ணீரில் விழுந்தது.

துண்டை உதறிவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது தொண்டை லேசாக இருந்தது. காலியாக. 'ஐயோ' என்று சொல்லிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"சிட்டு, இங்க வாடா கண்ணு."

அவளுடைய குரல். சுத்தமாக, கரகரப்பே இல்லாமல். கூடத்திலிருந்து.

"அம்மா! உனக்குக் குரல் வந்துடுச்சா!" சின்னக் கால்கள் ஓடின. "எங்கம்மா இருக்க?"

"இங்கதான். ஏறிக் குனிஞ்சு பாரு."

ஓடினாள். குளியலறையின் ஈரத்தரை வழுக்கியது. முட்டி கதவில் இடித்தது. எழுந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். காற்று. வெறும் காற்று.

சிட்டு நாற்காலிமேல் மண்டியிட்டிருந்தாள். பாத்திரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஆவிக்குள் முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு.

"வாயைத் திற. இன்னும் பெருசா. ஆ..."

ஆவியிலிருந்து வெள்ளையாக, ஈரமாக ஒன்று எழும்பிக் குழந்தையின் கீழுதட்டில் ஒட்டிக்கொண்டது. சிட்டு வாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள்.