சங்குமுனைக்கு ஒரு ரோஸ் வண்டி

“நான் வரலட்டி! நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க!”

சொல்லிவிட்டுப் பிலோமினா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் செண்பகவல்லி கையில் செய்தித்தாளோடு நின்றாள். பக்கத்தில் ஜுனைதா. சங்குமுனைக் கடற்கரையில் நிற்கும் பழைய உப்பு ஆபீஸின் குட்டிச்சுவரை, படகுத்துறைக்குச் சாலை போடுவதற்காக இன்னும் பத்து நாளில் இடிக்கப் போகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

அந்தக் குட்டிச்சுவருக்கு அடியில்தான் மூவரின் புதையல் இருக்கிறது!

1987-ஆம் வருடம், அவர்களுடைய கல்லூரித் தாவரவியல் வகுப்பு சங்குமுனைக்குக் கடற்பாசி பொறுக்கப் போயிருந்தது. மணல் கடலுக்குள் நீளமாக நீண்டு ஓர் ஊசி முனையில் முடியும் இடம் அது. மேடத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, அந்த முனையைத் தொட்டுவிட்டு வருவதென்று மூன்று பெண்கள் கிளம்பினார்கள். உப்பு ஆபீஸ் சுவர் வரை போனதும், “தண்ணி ஏறுது! திரும்புங்கட்டி!” என்று பிலோமினா கத்தினாள். திரும்பும் முன் அவள் ஒரு தாளில் ஏதோ எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு, சுவரின் அடியில் புதைத்தாள். மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்க வேண்டும் என்று சத்தியமும் வாங்கினாள். விடுதி வார்டன் ஒரு மாதம் மூவரையும் வாசல் தாண்ட விடவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று முப்பத்தெட்டு வருடம் ஓடிப்போயிற்று. பாளையங்கோட்டையிலேயே இருந்துகொண்டு, பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவுக்கு மூவரும் சேர்ந்து போக முடியவில்லை. இதை என்னவென்று சொல்ல!

ஐம்பத்தேழு வயதுப் பெண்களை ‘அவள்’ என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். மூவரும் கூடிவிட்டால் யாருக்கும் பத்தொன்பதைத் தாண்டாது.

“மூணு பேரும் இல்லாம டின்னைத் தொறக்க முடியாதுல்லா?” என்றாள் ஜுனைதா.

“சத்தியத்தை நான் வாபஸ் வாங்கிட்டேன். போங்க. எனக்கு இடது கால் இழுக்கு. குத்த வச்சு உக்கார முடியாது. வழியில கக்கூஸுக்கு எங்கன போவேன்? வாதம் வந்து ரெண்டு வருஷமா இந்தத் தெருவைத் தாண்டாதவளை இழுக்காதீங்க.”

செண்பகவல்லி செய்தித்தாளை மடித்தாள். தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருடம் டீசல் இன்ஜின் பாடம் நடத்தியவள் அவள். பிரச்சினை என்று ஒன்றைச் சொன்னால் அவளுக்கு உடனே கை பரபரக்கும்.

“கக்கூஸ்தான் பிரச்சினையா? அப்போ கக்கூஸையும் கூட்டிட்டுப் போவோம்!” என்றாள்.

மூன்றாம் நாள் பிலோமினாவின் வீட்டு வாசலில், செண்பகவல்லியின் பழைய ஜீப்புக்குப் பின்னால் ஒரு விநோத வண்டி வந்து நின்றது. சாலை போடும் இன்ஜினியர்கள் காட்டு வேலைக்குப் போகும்போது தங்குவதற்காக வைத்திருந்து, பிறகு ஏலம் விட்ட ட்ரெய்லர். இரண்டு சக்கரம், தகரக் கூரை, உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, மூலையில் தடுப்புப் போட்டு ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ்! யார் அடித்த பெயிண்டோ, வண்டி முழுக்க ரோஸ் கலர்.

“பஞ்சு மிட்டாய் வண்டியா இது?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் பிலோமினா. ஆனால் ஜன்னலை மூடவில்லை. அதுவே பெரிய வெற்றி!

மீதம் ஏழே நாள். வேலை பறந்தது! கட்டிலுக்கடியில் குடும்பம் நடத்திய எலிகள் முதலில் காலி செய்யப்பட்டன. கூரை ஒழுகுகிறதா என்று செண்பகவல்லி மேலே ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்ச, உள்ளே நின்ற ஜுனைதா, “இங்கன ஒழுகுது! இங்கனயும்! யா அல்லா, என் தலையிலதான் ஒழுகுது!” என்று அலறினாள். பதினோரு ஓட்டைகள். எல்லாவற்றுக்கும் எம்சீல் வைத்து அடைத்தார்கள். டயரில் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் வறண்ட குளம்போல வெடிப்பு தெரிந்தது. இரண்டையும் கழற்றி எறிந்து புதுசு மாட்டினாள் செண்பகவல்லி. பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தாள். பிரேக் லைட்டுக்கு ஒயர் இழுத்தாள். தையல் கடைக்காரி ஜுனைதா, நைட்டித் துணியின் மிச்சத்தில் திரைச்சீலை தைத்தாள். ஏறும் படி உயரமாக இருந்ததால் அதற்குக் கீழே பலகையில் இரண்டு சின்னப் படிகள் செய்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தார்கள்.

பிலோமினா தினமும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குறை சொன்னாள். ஐந்தாம் நாள் குறை சொல்ல வாசலுக்கே வந்தாள். ஆறாம் நாள் கம்பியைப் பிடித்துப் படியேறி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, “திரை நீளம் பத்தாது” என்றாள். ஜுனைதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விடுதி அறையில் இதே குரல்தான் விடிந்ததும் அவளை எழுப்பும்.

ஒன்பதாம் நாள் விடிகாலை. வண்டி கிளம்பியது! பூசணிக்காய் உடைத்தாயிற்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. மாலையில் கடல் ஏறுவதற்குள் சுவருக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் இடிக்கிற இயந்திரம் வந்துவிடும்.

தூத்துக்குடி வரை எல்லாம் சுகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் பிடித்ததும்தான் வந்தது வினை. எதிரே ஒரு லாரி விர்ரென்று கடந்தது. ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது! ஆட்டம் ஜீப்பையும் பிடித்து உலுக்கியது!

“பிரேக்கைப் பிடிட்டி!” என்று ஜுனைதா கத்தினாள்.

“பிடிச்சா கவுந்துரும்! சும்மா இரு!” செண்பகவல்லி ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வண்டி மெல்ல மெல்ல அடங்கி, உடைமரத்தடியில் போய் நின்றது. மூவருக்கும் மூச்சு வர ஒரு நிமிடம் ஆயிற்று.

செண்பகவல்லி டயரைப் பார்த்தாள். பேரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. “டீசல் இன்ஜின்னா சொல்லுவேன். இழுக்குற வண்டி எனக்குப் புதுசு” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

“திரும்பிருவோம். என்னால உங்களுக்கு ஏதும் ஆயிரக் கூடாது” என்றாள் பிலோமினா. ஊன்றுகோலோடு இறங்கி, போகிற போக்கில் ஜீப்பும் ட்ரெய்லரும் இணையும் கொக்கியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏட்டி ஜுனைதா, சாமானெல்லாம் எங்கன ஏத்துன?”

“அடுப்படியில. பின்கட்டுல. அடுப்படி பின்னாலதான இருக்கணும்?”

தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, இரும்புச் சட்டிகள், போதாக்குறைக்கு ஒரு கிரைண்டர்! வீட்டில் எப்படியோ அப்படியே எல்லாம் கடைசிக் கோடியில்.

“அடப் பாவிகளா, பின்பாரம்! பாரு, ஜீப்போட வாலைத் தூக்கிட்டு நிக்கி!”

பிலோமினாவின் அய்யா, வள்ளியூர்ப் பக்கம் மாட்டுவண்டியில் ஓடு ஏற்றியவர். பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், மாட்டை நுகத்தோடு பூட்டிய பூட்டாங்கயிறு அதன் கழுத்தை நெரிக்கும். ஆறு வயது பிலோமினாதான் அவருக்கு எடைக்கல். ‘முன்ன வா தாயி’ என்றால் முன்னால் நகர்வாள். ‘பின்ன போ’ என்றால் பின்னால் போவாள். பள்ளிக்கூடத்தில் அவளை வண்டிக்காரன் மகள் என்று கேலி செய்தார்கள். அதனால் கல்லூரியில் இதை அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. இன்றுதான் இருவருக்கும் தெரிந்தது.

“இவ்வளவு நாளு சொல்லலையே நீ!” என்றாள் செண்பகவல்லி.

“இப்ப சொல்லுதேன்லா? தொட்டித் தண்ணியில முக்காவாசியத் தொறந்து விடு! கிரைண்டரை அச்சுக்கு முன்னால கொண்டு வா! அரிசி இன்னும் முன்ன! போதும், ரொம்பப் போனா முன்பாரம் ஆயிரும்!”

ஊன்றுகோலை நீட்டி நீட்டி அவள் உத்தரவு போட, மற்ற இருவரும் வியர்க்க வியர்க்கச் சாமான் நகர்த்தினார்கள். கொக்கி தணிந்தது. ஜீப்பின் வால் இறங்கியது. அடுத்த லாரி கடந்தபோது ரோஸ் வண்டி அசையவே இல்லை! மூவரும் போட்ட கூச்சலில் சாலையோரத்து ஆடுகள் மிரண்டு ஓடின.

சங்குமுனை! ஜீப் நின்ற இடத்திலிருந்து சுவருக்கு இருநூறு அடி ஈர மணல். ஜுனைதா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டாள். இருபது அடிக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பிலோமினாவை உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து சுவர் வந்தது. செண்பகவல்லி கடப்பாரையால் தோண்டினாள். ணங்! துருவேறிய டின்!

“திறக்காதீங்க” என்றாள் பிலோமினா. “நானே சொல்லிருதேன். அன்னைக்குத் தண்ணி ஏறலட்டி. கடலைப் பார்த்ததும் எனக்குக் காலு ஓடல. பயம். பொய் சொன்னேன். அதைத்தான் எழுதிப் புதைச்சேன். இப்ப வரமாட்டேன்னு அடம் பிடிச்சதும் பாதி இதுக்குத்தான்.”

செண்பகவல்லி இடுப்பில் கைவைத்து நின்றாள். “அடிப்பாவி! அந்தப் பொய்யால முனையைத் தொடாமலேயா ஒரு மாசம் வார்டன்கிட்ட ஜெயில்ல கெடந்தேன்?”

ஜுனைதா மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. “தண்ணி ஏறலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எனக்கும் பயம். நீ சொன்னதும் உனக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லிட்டு ஓடியாந்தேன்!”

முப்பத்தெட்டு வருடம் ஒருத்தி மறைத்து வைத்தது, ஒரு சிரிப்பில் ஒன்றுமில்லாமல் போயிற்று. வாழ்க்கையில் எத்தனை டின்களை நாம் இப்படிப் புதைத்து வைத்திருக்கிறோமோ!

பிலோமினா முனையைப் பார்த்தாள். இன்னும் ஒரு நூறு அடி. இரண்டு பக்கமும் கடல்.

“இப்பவும் பயமாத்தான் இருக்கு” என்றாள். ஊன்றுகோலை ஈர மணலில் அழுத்தி எழுந்தாள். “ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பிடிங்கட்டி. ஸ்டூல் வேண்டாம்.”

டின்னைத் திறக்காமல் அங்கேயே விட்டுவிட்டு மூவரும் நடந்தார்கள்.