பசை வாளியில் விழுந்த அரிசித் தாள்

"அந்தப் பேசின்ல இருந்தத என்ன பண்ணீங்க?"

யுவன் திரும்பினான். சமையலறை வாசலில் அவள் நின்றாள். ஜீன்ஸ் போட்டு, முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கண்கள்... மழை வருவதற்கு முன்னால் வானம் அப்படியே நிற்குமே, அப்படி நின்றன.

"பசை வாளியில ஊத்திட்டேன் மேடம். வால்பேப்பருக்குத்தான் கரைச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அது பசையில்ல. சாப்பாடு."

"சாப்பாடா... கொழகொழன்னு இருந்துச்சே."

பெங்களூரின் ஈஜிபுராவிலிருந்து காலையில்தான் வந்திருந்தான், இந்த ஃபிளாட்டின் ஹாலுக்கு வால்பேப்பர் ஒட்ட. கதவைத் திறந்தவள் காதில் போனோடு இங்கிலீஷில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மகள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். அதோடு பார்வையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். பார்வை கேட்டால்தானே...

"அரிசித் தாள் அது. வெந்நீர்ல ஊற வெச்சா கரைஞ்சே போயிடுது. ஏழு போச்சு, எட்டுதான் மிச்சம்." அவள் குரல் இறங்கியது. "வியட்நாம் ரோல். இறால், வெள்ளரி, புதினா வெச்சு எண்ணெயே இல்லாம சுத்தணும். ஒரு மணிக்குள்ள வரலன்னா என் கதை முடிஞ்சுது."

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ரோலில் என்ன கதை முடியும்? அவனுக்குப் புரியவில்லை.

"எவ்ளோ நேரம் ஊற வெக்கறீங்க?"

"சேமியா மாதிரி... அஞ்சு நிமிஷம்."

"எங்க வால்பேப்பர அப்படி ஊற வெச்சா கைல கூழுதான் வரும். பச்சத்தண்ணில நனைச்சு, வெறைப்பா இருக்கும்போதே எடுத்துடணும். விரிச்சு வெச்சா தானா எளகிடும்."

"நீங்க சுவரப் பாருங்க. சமையல நான் பாத்துக்கறேன்."

கதவு சாத்தப்பட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ... எதற்கு மனசு இப்படி அடித்துக்கொள்கிறது?

அரை மணி கழித்து ஒரு தட்டு அவன் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணாடி போன்ற தாளுக்குள் இறாலின் இளஞ்சிவப்பும் புதினாவின் பச்சையும் தெரிந்தன.

"வந்துருச்சு," என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டுப் பாருங்க."

"வேணாம் மேடம். கையெல்லாம் பசை."

"உங்க கை பிரச்சனையா, இல்ல என் கையா?"

வாங்கிச் சாப்பிட்டால் அப்புறம் இவளை விட்டு எப்படிப் போவது... அவள் முகம் வாடியதைப் பார்க்காதவன் போல ஏணியில் ஏறினான்.

ஒரு மணிக்கு நல்ல மழை. நனைந்தபடி வீட்டுக்கார அம்மா சாவி போட்டுத் திறந்து வந்தார். நின்றபடியே ஒரு ரோலை எடுத்து, வேர்க்கடலைச் சட்னியில் தோய்த்துக் கடித்தார்.

"நல்லா இருக்கு டோரீன். நாளைலேர்ந்து சமையலுக்கு நீயே வா."

அவர் அறைக்குள் போனதும் யுவன் ஏணியிலிருந்து இறங்கினான்.

"சமையலுக்கா...?"

"இன்னிக்கு எனக்கு டெஸ்ட்."

"காலைல இங்கிலீஷ்ல அப்படிப் பேசினீங்க..."

"எங்க லிங்கராஜபுரத்துல ஆங்கிலோ இந்தியர்ங்க நிறைய. பால்காரர்கிட்டயும் இங்கிலீஷ்தான்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாலு வருஷமா வீட்டு வீட்டுக்குச் சமைக்கறேன். ஒருத்தரும் மேடம்னு கூப்பிட்டதில்ல. ஸ்வல்ப நேரம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்... தப்புதான்."

கோபப்படுவதா, சிரிப்பதா? சுவரைப் பார்த்தான். கடைசியாக ஒட்டிய தாளில் பூக்களெல்லாம் தலைகீழாக இருந்தன. எப்போது அப்படி ஒட்டினான் என்றே தெரியவில்லை.

"சாயங்காலத்தோட இங்க வேலை முடியுது. நாளைக்கு ஆனேக்கல்ல வேற வேலை. இப்ப சொல்லலன்னா..." பசைக் கையைச் சட்டையில் துடைத்தான். "காலைலேர்ந்து மனசு உங்க பின்னாடியே போவுது. பெரிய எடம், வேணாம்னு அத திட்டிக்கிட்டே இருந்தேன்."

டோரீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் மட்டும் சிவந்தது.

"இனிமே திட்டாதீங்க," என்றாள்.