வெட்டாத முட்டைகள்

ஆறு முட்டைகளில் சர்மிலா கத்தியே வைக்கவில்லை. ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து, ஒட்டுநாடாவால் மூடி, ஒப்பிடுவதற்காக அப்படியே பெட்டிக்குள் திரும்ப வைத்தவை. ஆனாலும் பத்தாம் நாள் பின்னேரம் பார்த்தபோது, முதல் முட்டையின் குஞ்சுக்கு இடது சிறகு முழங்கையோடு நின்றிருந்தது.

முட்டை மாறிவிட்டதோ என்று பென்சிலால் எழுதிய எண்ணைப் பார்த்தாள். சரியான எண்தான்.

மாரி மழை மூன்று நாளாக விடவில்லை. ஆய்வுகூடத்துக் கூரையில் அது இரைகிற சத்தமும், வாவிப் பக்கமிருந்து வந்த சேற்று மணமும், அடைகாக்கும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் அடித்த வெதுவெதுப்பான இரத்த வாடையும் சேர்ந்து அறையை நிறைத்தன.

சிறகு எப்படி முளைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கருவின் விலாவில் முதலில் ஒரு மொட்டு எழும். அதன் நுனியில் ஓடும் மெல்லிய வரம்பு ஒரு புரதத்தைச் சுரந்து, கீழேயுள்ள உயிர்க்கலங்களை இன்னும் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். பின்விளிம்பிலிருந்து வரும் இன்னொரு புரதம் எந்த விரல் எங்கே என்று பிரிக்கும். மூன்றாம் நாள் அந்த வரம்பைச் சீவிவிட்டால் சிறகு பாதியில் நின்றுவிடும். பெட்டியிலிருந்த மற்ற ஆறு முட்டைகளில் அவள் செய்தது அதைத்தான்.

ஆனி மாதம் அவள் வயிற்றிலிருந்த பிள்ளையை ஸ்கேன் பண்ணிய டொக்டரும் அதையேதான் சொன்னார்: "இடது கை முழங்கைக்குக் கீழ வளரல்ல. ஏனெண்டு சொல்ல ஏலாது." இரண்டு கிழமையில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அதைச் சுமந்த நாளெல்லாம் அவள் இந்த மேசையில் வரம்பு சீவிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. கணவன் கேதீசன்.

"எங்க நிக்கிறா? செங்கலடி றோட்டில தண்ணி ஏறுது. உன்ன ஏத்த வாறன்."

"இன்னும் அஞ்சு முட்டை இரிக்கி. பாத்திட்டு வாறன்."

"நாளைக்குப் பாரன் புள்ள." அவன் குரல் தணிந்தது. "உன்ட பிழை இல்லெண்டு எத்தின தரம் சொல்ற?"

"ஓம்" என்று போனை வைத்தாள்.

இரண்டாவது முட்டை. இடது சிறகு முழங்கையோடு. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது. எல்லாம் ஒரே இடத்தில்.

ஆறாவதில் குஞ்சு இல்லை.

மஞ்சட்கருவின் மேல், இரத்த நாளங்கள் வந்து கூடும் இடத்தில், ஒரு முன்கை கிடந்தது. மணிக்கட்டு. உள்ளங்கை. விரல்களை எண்ணினாள். கோழிக்கு மூன்று. இதற்கு ஐந்து. இடையிலிருந்த சவ்வு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

முதலில் அழுகைதான் வந்தது. பயம் பிறகு. சுட்டுவிரலை நீட்டினாள். அது பற்றிக்கொண்டது.

"மன்னிச்சிரு மகள். அம்மா தெரியாமச் செஞ்சிட்டன்."

பிடி இறுகியது. இழுத்தாள். வரவில்லை.

டொக்.

சத்தம் பெட்டிக்குள்ளிருந்து, அவள் வரம்பு சீவிய ஆறு முட்டைகளிலிருந்து. பத்து நாளில் எந்தக் குஞ்சும் ஓட்டைக் கொத்தாது. அலகே இன்னும் இறுகியிராது.

டொக். டொக். ஒட்டுநாடா கிழிந்தது.

வெளியே கேதீசனின் ஹோர்ன். கூப்பிட வாய் திறந்தாள். மழை இரைச்சல் குரலை விழுங்கியது.

பெட்டியின் ஆவி படிந்த கண்ணாடிக் கதவின் உட்புறம் சின்னஞ்சிறு உள்ளங்கை ஒன்று பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஆறும் வந்தன. கண்ணாடியைத் தடவித் தடவி, கதவின் விளிம்பைத் தேடின.