ஒரு கோடு மட்டும் கோணல்

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் வழுக்கி நேராக ஏணியில் மோதினாள். மேலே வாசல் கூரைக்கடியில் தூரிகையோடு சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினான்... இமையெல்லாம் சாரல் துளி, அதற்குள் கோபமாக இரண்டு கண்கள்.

"பாத்து வரக்கூடாதாங்க?"

"இது கண்ணாஸ்பத்திரி. பாக்க முடியாதவங்கதான் வருவாங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அங்கே கண் பரிசோதிப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரி பெரியப்பாவுடையது, கேட்கவா வேண்டும்!

அவன் சாலையில் வெள்ளைக்கோடு போட்டுத் தொழிலைத் தொடங்கியவன். பிறகு ஓவியத்துக்கு வந்து, வண்ணங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைக் கோடுகளில் நின்றான். அசையாத கோடுகள் அலையடிப்பதுபோல் தெரியும். கண்காட்சிகளில் பாராட்டினார்கள். ஊரார் பார்க்கும் சுவர் அவனுக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

முடித்த மறுநாளே வினை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சுவருக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தலை சுற்றியது. ஓர் அம்மா எழுந்திருக்கவே பயந்தார். அவள் போய்ச் சொல்ல, பெரியப்பா வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார்.

"அடிச்சுக்கோங்க" என்று டப்பாக்களை மூடினான் அவன். ஒரு வார்த்தை கெஞ்சினால்தான் என்ன... அப்பப்பா, என்ன ரோஷம்!

கோடு நேராக இருந்தால் ஏன் ஆடுகிறது என்று அவள் விடாமல் கேட்டாள். அவன் நீண்ட அளவுகோலை நீட்டினான். வைத்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் நேர். வீம்புக்கு ஏணியிலும் ஏறினாள்... மேலே ஒரு கோடு மட்டும் நகக்கண் அளவு விலகியிருந்தது.

"மாட்டிக்கிட்டீங்களா?"

அவன் தலை குனிந்தான். "கோணினா அழிச்சுட்டுத் திரும்பப் போடுவேன். இது நீங்க மோதினப்ப போட்டது..."

"ஏணி ஆடிடுச்சா?"

"ஏணி ஆடல. நான் திரும்பி உங்களைப் பாத்துட்டேன். அழிக்க மனசு வரல."

அவளுக்கு இறங்கும் படி தெரியவில்லை. மெல்ல இறங்கி வந்தாள்.

"வெள்ளையடிக்க வேணாம். பெஞ்சைத் திருப்பிப் போட்டாப் போதும், பெரியப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"அந்தக் கோட்டைச் சரி பண்ணிடவா?"

"கை வச்சீங்கன்னா தெரியும்..." என்றாள். குரல் தழைந்தது. "அன்னையிலேருந்து எனக்கும் எல்லாம் ஆடிக்கிட்டுதான் இருக்கு. நான் சொட்டு மருந்து எதுவும் விட்டுக்கல."